ஒரு சம்மதம் பாக்கி

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

முதலில் இந்தக் கடிதத்தைப் படிக்காதே. பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார். வலது ஓரம் எப்படி இருக்கிறது? சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு வரிகூடப் பல்லிளிக்கவில்லை. புள்ளி வைத்த எழுத்து எதுவும் வரியின் தலையில் ஏறி உட்காரவில்லை. இது நம் பக்கம் கட்டும் மென்பொருளின் ஆறாம் பதிப்பு, நிரவல் ஆறு, கட்டிய பக்கம். நாம் இரண்டு பேரும் ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் முன் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித்தானே சோதித்திருக்கிறோம்? அந்த வழக்கத்தை நான் விடவில்லை. நீதான் போன தடவை ஏமாற்றிவிட்டுப் போனில் பேசி முடித்துவிட்டாய்.

சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையில், கீழே யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, நானும் இந்த நிரலும் ஒரே குடும்பமாக இருந்திருக்கிறோம். பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பெருமையடிக்கத்தான் எழுதுகிறேன்.

பழைய நிரவலில் ஓர் எழுத்தை மாற்றினால் அது புத்தகம் முழுவதையும் அடியிலிருந்து கட்டும். நீ பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவாய். இனி உனக்கு டீக்கு நேரம் கிடைக்காது. மாற்றிய பக்கத்தையும் அதனால் நகர்ந்த பக்கங்களையும் மட்டும் கட்டுகிறது. நீளமான அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் தலைப்பு வரிசையும் கூடவே போகிறது. உங்கள் பதிப்புத் துறையில் தேர்வு முடிவுப் புத்தகம் போடும்போது நீ திட்டும் திட்டு இனி யாருக்கும் விழாது.

எல்லாவற்றுக்கும் மேலே, காதால் படிப்பவர்களுக்கான வேலை. நாம் கட்டிய பக்கத்தை ஒரு கருவி உரக்கப் படிக்கும்போது, பக்கத்தின் அடியில் இருக்கும் அடிக்குறிப்பு வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். பிறந்ததிலிருந்து காதாலேயே படித்து வரலாற்றுப் பேராசிரியரான அத்தானுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். “ராஜா படையெடுத்துப் போனார்னு ஆரம்பிக்கும், மேற்படி நூல் பக்கம் நாற்பதுன்னு முடியும். போன ராஜா என்ன ஆனார்னே தெரியாது” என்பாரே. இனி அப்படி இல்லை. நிரவல் ஆறு எது உடல், எது குறிப்பு என்று பக்கத்துக்குள்ளேயே அடையாளம் வைக்கிறது. கருவி அந்த இடத்தில் நின்று, “குறிப்பு உண்டு, கேட்க வேண்டுமா” என்று கேட்கும். வேண்டும் என்றால்தான் படிக்கும்.

இன்னொரு செய்தி. உரிமத்தை மாற்றுகிறேன். இப்போதைய உரிமப்படி நிரவலைத் தன் பொருளுக்குள் வைத்து விற்பவர், தான் செய்த மாற்றங்களை எல்லாம் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும். புதியதில் அந்தக் கட்டாயம் இல்லை. எழுதியவர்களின் பெயரைப் போட்டால் போதும். வாசிப்புக் கருவி செய்யும் கம்பெனி ஒன்று ஆறாம் பதிப்பைத் தன் கருவிக்குள் வைக்கக் காத்திருக்கிறது. பழைய உரிமத்துக்கு அவர்கள் வக்கீல் தலையாட்ட மாட்டேன் என்கிறார். மாற்ற வேண்டுமென்றால் நிரவலில் நாலு வரி எழுதியவர்கூடச் சம்மதிக்க வேண்டும். எல்லாரையும் தேடிப் பிடித்தேன். சொற்களை உடைக்கும் பகுதியை எழுதிய நம் ஹைஃபன் வாத்தியார் வீடு மாறிப் போயிருந்தார். அவர் பழைய பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கண்டுபிடித்தேன். கணிதச் சூத்திரங்களைக் கட்டும் பகுதியை எழுதியவர் இப்போது சரக்குக் கப்பலில் இருக்கிறார்; துறைமுகம் துறைமுகமாகத் துரத்தினேன். வேலை முடிந்தது. “நிரவலை எழுதிய அனைவரும் சம்மதித்துவிட்டார்கள்” என்று நேற்று நம் இணையதளத்தில் போட்டுவிட்டேன். பட்டியலில் உன் பெயர்தான் முதலில்.

பக்கம் எப்படி என்று சொல்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

பார் என்றாய், பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தியின் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் அநாதையாக நிற்கிறது. அதைச் சரிசெய். மற்றபடி பக்கம் மிக அழகாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கட்டியவனைப் பற்றித்தான் இப்போது நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

கடலில் மிதக்கிறவரைத் துரத்திப் பிடித்துச் சம்மதம் கேட்டாய். வீடு மாறிய வாத்தியாரைத் தேடிக் கேட்டாய். நான் எங்கே போய்விட்டேன்? ஒரே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் என் வீட்டு வாசலில் இறங்கலாம். என்னை மட்டும் நீ கேட்கவில்லை. ஆபீஸில் என் பக்கத்து மேஜையில் மெய்ப்புப் பார்ப்பவர் திரையைத் திருப்பிக் காட்டி, “சம்மதிச்சுட்டீங்களாமே, வாழ்த்துகள்” என்று சொன்னபோதுதான் நான் சம்மதித்த விஷயம் எனக்கே தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? என் தம்பி என் பெயரில் பொய் எழுதியிருக்கிறான் என்று ஆபீஸ் நடுவில் சொல்லவா?

உன் கருவி அடிக்குறிப்பைப் படிக்கும் முன் கேட்கிறதாம். அதற்குக் கற்றுக்கொடுத்தவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இப்போது கேட்டாலும் என் பதில் முடியாது என்பதுதான். நிரவலின் அடிக்குறிப்புப் பகுதியில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் எழுதியது. உன் அத்தானின் ஆய்வேட்டைப் புத்தகமாக்க எந்த மென்பொருளாலும் முடியாமல், ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று எழுதியது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் மாற்றினால் திருப்பிக் கொடுக்கட்டும் என்ற உரிமத்தைத் தேடிப் பிடித்ததும் நான்தான். ஏன் என்று மறந்துவிட்டாயா? நம் அட்டவணைப் பகுதியை எடுத்து, பெயர்களைச் சுரண்டிவிட்டு, பளபளவென்ற பெட்டியில் போட்டு விற்றானே ஒருத்தன். அந்தப் பெட்டியைக் கடை ஜன்னலில் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்று கண் கலங்கியவன் நீ. உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான்.

அந்த அறிவிப்பை எடுத்துவிடு. போனில் கூப்பிடாதே. நீ கத்துவாய், நான் கத்துவேன், நடுவில் உன் அத்தான் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். சொல்ல வேண்டியதை எழுது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

தனியாக நின்ற சொல்லைச் சரிசெய்துவிட்டேன். நன்றி.

உன்னைக் கேட்காதது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. பட்டியலை எழுத உட்கார்ந்தபோது முதலில் உன் பெயரை எழுதினேன். அடுத்தது என் பெயர். இரண்டுக்கும் நேரே சம்மதம் என்று போட்டுவிட்டு மூன்றாவது ஆளிலிருந்து தேட ஆரம்பித்தேன். என்னை நான் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதற்காக வேலையையே நிறுத்துவாயா? இது யாருக்காகச் செய்தது என்று கொஞ்சம் யோசி. அத்தான் எத்தனை வருஷமாகக் குறிப்பும் வாக்கியமும் கலந்து காதில் விழுந்து அவதிப்படுகிறார். கருவிக் கம்பெனி நிரவலை எடுத்துக்கொண்டால், அவரைப் போல எத்தனையோ பேர் ஒரு புத்தகத்தை முழுசாகப் படிப்பார்கள். உன் கோபத்தால் அவருக்கு அது கிடைக்காமல் போனால் உனக்குச் சம்மதமா? அவருக்காகவாவது கையெழுத்துப் போடு.

போடமாட்டேன் என்றால் எனக்கு வேறு வழி உண்டு. உன் பகுதியை எடுத்துவிட்டு அடிக்குறிப்பை நானே புதிதாக எழுதிக்கொள்வேன். அதைச் சட்டம் தடுக்காது. உன் கோப்பைத் திறக்காமலே எழுதுவேன். அதுவரை அறிவிப்பு அப்படியே இருக்கட்டும். எடுத்தால் கம்பெனிக்காரர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். ஷேவ் செய்துகொண்டிருந்தார். “அவருக்காகவாவது” என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. முகத்தில் பாதி நுரையோடு திரும்பி, “இன்னொரு தடவை படி” என்றார். படித்தேன்.

“உன் தம்பிகிட்ட சொல்லு. எனக்குக் கண் தெரியலைங்கிறதைக் காட்டி யாரும் எங்கேயும் கையெழுத்து வாங்க வேண்டாம். வேலை வாங்கினப்போ நான் அதைக் காட்டலை. பொண்ணு கேட்டப்போவும் காட்டலை. அடிக்குறிப்பு காதுல விழுந்து கலக்குறது எனக்கும் அந்தக் கருவிக்கும் நடுவுல இருக்கிற சண்டை. அதுல அவன் புகுந்து நாட்டாமை பண்ண வேண்டாம்.”

அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீயும்தான். எனக்காகன்னு மனசை மாத்திக்கிட்டேன்னா, அந்தக் கருவியைத் தொடக்கூட மாட்டேன்” என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து விழுந்தது. ஆக, அந்தக் காரணம் முடிந்தது. இனி அதைத் தூக்கிக்கொண்டு வராதே.

புதிதாக எழுதுகிறாயா? தாராளமாக எழுது. அடிக்குறிப்பு என்றால் என்ன என்று உனக்கு அப்போது தெரியும். பார்க்க இரண்டு வரிதான். பக்கத்தின் அடியில் பூனை மாதிரி படுத்திருக்கும். தொட்டால்தான் தெரியும். குறிப்பு நீண்டால் மேலே உள்ள வரி கீழே போக வேண்டும். வரி போனால் அந்த வரியில் இருக்கும் குறிப்பு எண்ணும் போகும். எண் போனால் குறிப்பும் அடுத்த பக்கம் போக வேண்டும். குறிப்பு போனால் இந்தப் பக்கத்தில் இடம் மிச்சம், வரி திரும்பி வரும். இப்படியே சுற்றிக்கொண்டு நிற்காமல் அதை ஓர் இடத்தில் உட்காரவைத்தவள் நான். நீயும் உட்காரவைத்துக் காட்டு.

என் பகுதி இல்லாமல் ஆறு வெளிவந்தாலும் நான் செத்துப்போக மாட்டேன். ஆனால் கேட்காமல் போட்ட என் பெயரை எடு.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

உட்காரவைத்துவிட்டேன்.

உன் கோப்பை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அத்தான் மேல் ஆணை என்று எழுத வந்தது. அவர் பெயரை இழுக்கக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன். முதல் வாரம் நீ சொன்னது போலவே எல்லாம் சுற்றிக்கொண்டு நின்றது. ஒரே பக்கத்தில் ஒரு வரி கீழே போவதும் மேலே வருவதுமாக ஊஞ்சல் ஆடியது. கீழே சைக்கிள் கடைக்காரரே மாடியேறி வந்து, “என்ன சார், யாரைத் திட்டுறீங்க?” என்று விசாரித்துவிட்டுப் போனார். பிறகு பிடி கிடைத்தது. நீ பின்னால் திரும்பிப் போய்த் திருத்துவாய் என்று நினைக்கிறேன். நான் திரும்பவே இல்லை. பக்கத்தை மூடும் முன்பே குறிப்புகளுக்கான கணக்கை முடித்துவிடுகிறேன். வாசிப்புக் கருவிக்கான அடையாளங்களும் அதே கணக்கில் விழுந்துவிடுகின்றன. தனியாக ஒட்ட வேண்டியதில்லை.

சொல்லப் போனால், என் வாழ்க்கையில் நான் எழுதியதில் இதுதான் நல்ல நிரல். உன்னிடம் சண்டை போடாமல் இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

கோப்பை இணைத்திருக்கிறேன். உன் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன், ஏனென்றால் இனி நிரவலில் உன் வரி ஒன்றும் இருக்காது. ஆறு வரும் மாதம் வெளிவருகிறது. உனக்கு இஷ்டமிருந்தால் சோதித்துப் பார். உன்னைவிடக் கொடுமையாகச் சோதிக்க யாருக்குத் தெரியும்?

தம்பி


ஏப்ரல் 25

டேய் பெரியமனுஷா,

சோதித்தேன். எதில் சோதித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். உன் அத்தானின் ஆய்வேடு, அந்தக் கால்வாய்ப் புத்தகம். பக்கத்துக்கு நாலு வரி உடல், மிச்சமெல்லாம் குறிப்பு என்று அவர் எழுதிக் குவித்த அதே மூன்றாம் அத்தியாயம்.

பக்கம் பக்கமாக ஓடியது. ஒவ்வொரு குறிப்பும் கேட்ட இடத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. அப்படியே நீர்த்தேக்க வரைபடம் இருக்கும் பக்கத்துக்கு வந்தேன். நீர் இருக்க வேண்டிய இடத்தில் குறிப்பின் மூன்று வரிகள் மிதந்துகொண்டிருந்தன.

நான் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் உன் அத்தான் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்.

விஷயம் என்ன தெரியுமா? புத்தகம் போட்ட அந்த வருஷம், என் நிரலிலும் அதே பக்கத்தில், அதே மூன்று வரிகள், அதே நீரில் மிதந்தன. அச்சுக்குப் போகும் அவசரம். உன் அத்தானிடம் குறிப்பில் “ஏறக்குறைய” என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார், குறிப்பு சுருங்கியது, பக்கம் சரியானது. அதன்பிறகு அப்படி ஒரு பக்கம் யாருக்கும் வரவில்லை, நானும் நிரலைத் திருத்தாமலே விட்டுவிட்டேன். இப்போது சோதிப்பதற்காக அந்தச் சொல்லை மறுபடி சேர்த்தேன். அவ்வளவுதான்.

ஒரு குறிப்பு இந்தப் பக்கத்தில் முடியாமல் அடுத்த பக்கத்துக்கு வழிகிறது, அங்கே அடியில் படம் இருக்கிறது என்று வை. யாராக இருந்தாலும் படத்தை முதலில் வைத்துவிட்டு மிச்ச இடத்தை அளப்பார்கள். அதுதான் புத்தி. நான் மட்டும் குறிப்பின் மிச்சத்துக்கு முதலில் இடம் அளந்துவிட்டு, பிறகு படத்தைக் கொண்டுவந்து வைத்தேன். ஏனென்றால் நான் குறிப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவள். எனக்குக் குறிப்புதான் முதல். உனக்கு என்னடா வந்தது? நீயும் அதேபோல அளந்து வைத்திருக்கிறாய். வேறு யார் எழுதியிருந்தாலும் வேறு ஏதாவது தப்புச் செய்திருப்பார்கள். இந்தத் தப்பைச் செய்ய உலகத்தில் இரண்டு பேரால்தான் முடியும்.

நீ என் கோப்பைத் திறக்கவில்லை என்று நம்புகிறேன். திறந்திருந்தால் இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டாய். இத்தனை வருஷம் அதைப் படித்துப் படித்து, கோப்பே தேவைப்படாத அளவுக்கு அது உன் தலைக்குள் ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமையாக இருந்தது. என் தம்பி என்னைப் போலவே தப்புச் செய்கிறான் என்று உன் அத்தானிடம் சொன்னேன். “அதைச் சபையில சொல்லிக்காதே” என்றார்.

ஆனால் பெருமை வேறு, சம்மதம் வேறு. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வக்கீலிடம் காட்டினால், ஒரே தப்பு இரண்டிலும் இருக்கிறது, பார்த்து எழுதியது என்றுதான் சொல்வார். அவரிடம் நான் காட்டப் போவதில்லை. யாரிடமும் சொல்லப் போவதுமில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்லிவிட்டேன். நீ அதைத் திருத்திவிட்டுச் சத்தமில்லாமல் வெளியிடலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

அக்கா


மே 6

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

திருத்துவது பெரிய வேலை இல்லை. அளக்கும் வரியைப் படம் வைக்கும் வரிக்குக் கீழே கொண்டுபோனால் போதும். கையை வைத்தேன், எடுத்துவிட்டேன். சொந்தமாக எழுதியது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேனே, அதில் எது என்னுடையது, எது உன்னுடையது என்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அதை என் பெயரில் மட்டும் வெளியிட்டால், பெட்டிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது யாரோ ஒருத்தருடையதை எடுத்தான்.

நிரவல் ஆறு நேற்று வெளிவந்துவிட்டது. பழைய உரிமத்தில். உன் அடிக்குறிப்புப் பகுதியோடு. மற்ற புதுமைகள் எல்லாம் இருக்கின்றன. வாசிப்புக் கருவிக்கான அடையாளங்களை உன் நிரலின் மேல் எப்படியோ ஒட்டியிருக்கிறேன், வேலை செய்கிறது. இணையதளத்தில் பழைய அறிவிப்பை எடுத்துவிட்டு இதைப் போட்டிருக்கிறேன்: “நிரவலை எழுதிய அனைவரும் உரிம மாற்றத்துக்குச் சம்மதித்துவிட்டதாக அறிவித்தது தவறு. ஒருவரை நான் கேட்கவே இல்லை. அவர் எழுதிய பகுதி இல்லாமல் நிரவல் இல்லை. தவறு என்னுடையது.”

கருவிக் கம்பெனிப் பொறியாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “ஒரே ஒருத்தர்தானே பாக்கி, அதுவும் உங்க அக்காதானே, பேசி முடிச்சிடலாமே” என்றார். “அக்காங்கிறதாலதான் சார் இவ்வளவு தூரம் வந்திருக்கு” என்றேன். அவர் நல்ல மனுஷர். வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. கொஞ்ச நாள் காத்திருப்பதாகச் சொன்னார். காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மற்றவர்களுக்கு எழுதியது போலவே உனக்கும் ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதைத் தனியாகப் படி. அது அக்காவுக்கு எழுதியது அல்ல.

தம்பி


மே 6

நிரவலின் அடிக்குறிப்புப் பகுதியை எழுதிய மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நிரவலின் உரிமத்தை மாற்ற விரும்புகிறேன். தங்கள் பகுதி தங்களுக்கே சொந்தம் என்பதால் தங்கள் சம்மதத்தைக் கேட்டு எழுதுகிறேன்.

என் காரணம் இது. மாற்றியதைத் திருப்பிக் கொடு என்ற நம் உரிமத்தை, நம்மிடமிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டு விற்றவர் மதிக்கவில்லை. இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதை ஒரு வரி விடாமல் படித்து, மதித்து, நமக்கு இது ஒத்துவராது என்று ஒதுங்கிப் போனவர்கள் வேறு சிலர்: பள்ளிப் பாடநூல் போடும் அலுவலகம் ஒன்று, இசைப் புத்தகங்கள் அச்சிடும் ஒருவர், இப்போது வாசிப்புக் கருவி செய்பவர்கள். நம் பூட்டு நேர்மையானவர்களை மட்டுமே வெளியே நிறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். இது என் கருத்துதான். தாங்கள் வேறு விதமாக நினைத்தால் அதற்கும் நல்ல காரணம் இருக்கும். அந்தக் காரணம் நடந்தபோது நானும் கூட இருந்தேன்.

தாங்கள் மறுத்தால் நிரவல் இப்போதைய உரிமத்திலேயே, தங்கள் பகுதியோடு, தொடர்ந்து வெளிவரும். மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்குக் கெடு எதுவும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
நிரவல் பராமரிப்பாளர்


மே 29

தம்பிக்கு,

“மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு” என்று படித்ததும் உன் அத்தான், “யாருக்கோ வந்த கடிதத்தை நீ ஏன் பிரிச்சே?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போய், மெய்ப்புப் பார்ப்பவர் மேஜையில் வைத்தேன். “இப்பதான் கேட்டிருக்காங்க. இன்னும் பதில் சொல்லலை” என்றேன். அன்றைக்குத் தலையாட்டியதற்குப் பரிகாரம். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தார்.

உன்னிடம் சொல்லாமல் கருவிக் கம்பெனிக்குப் போய்விட்டு வந்தோம். உன் அத்தானும் வந்தார், என் கணவராக அல்ல, பேராசிரியராக. உள்ளே நுழைந்ததும் அவர்கள் கருவியைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பொறியாளரைத் துளைத்த துளைப்பில் பாவம், அவர் சட்டை நனைந்துவிட்டது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “எங்க நிரலை எடுத்து மாத்தினீங்கன்னா, மாத்தினதைத் திருப்பிக் கொடுப்பீங்களா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கட்டாயம்னு எழுதியிருந்தா வக்கீல் விடமாட்டார்மா. கட்டாயம் இல்லைன்னா நானே அனுப்பிடுவேன்” என்றார்.

வழியெல்லாம் இதை நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் அனுப்புவார் என்று முழுசாக நம்பவில்லை. நாளைக்கு வேறு பொறியாளர் வருவார், வேறு வக்கீல் வருவார். இன்னொரு பெட்டிக்காரனும் வருவான். ஆனால் நீ எழுதியதில் ஒன்று உண்மை. அந்தத் திருட்டுப் பயலுக்குப் பயந்து நான் போட்ட பூட்டு அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் ஜன்னல் வழியாக வந்தவன். வாசலில் நின்றவர்கள் எல்லாம் மரியாதைப்பட்டவர்கள். ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகிறேன். என் நிரல் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் அளவுக்கு அற்பமானது அல்ல.

ஆகவே, அடிக்குறிப்புப் பகுதியை எழுதிய ஆசிரியர் என்ற முறையில், உரிம மாற்றத்துக்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன். கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். இதில் தனக்கு எள்ளளவும் பங்கில்லை என்று உன் அத்தான் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். கூடவே, அந்தக் கருவியைத் தன் கைப்பணத்தில்தான் வாங்குவாராம், அதையும் எழுதச் சொன்னார்.

இன்னும் ஒன்று. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. நீ எழுதிய பகுதியை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். பாதியிலேயே குற்றம் தேடுவதை விட்டுவிட்டேன். நான் சுற்றி வளைத்துப் போன இடத்தையெல்லாம் நீ நேராகக் கடந்திருக்கிறாய். நான் இரண்டு தடவை அளந்ததை நீ ஒரு தடவை அளந்திருக்கிறாய். வாசிப்புக் கருவிக்கான அடையாளம் என் நிரலில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரிகிறது. உன்னுடையதில் அது நெய்யும்போதே விழுந்திருக்கிறது. உன்னுடையதுதான் நல்லது. என்னுடையதைவிட நல்லது. பதிப்புத் துறையில் இத்தனை வருஷம் பக்கம் கட்டியவள் சொல்கிறேன், உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

அந்த ஒரு தப்பை நான் திருத்திவிட்டேன். நீர்த்தேக்கத்தில் இப்போது நீர் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வெளியீட்டில், புதிய உரிமத்தில், என் பகுதியை எடுத்துவிட்டு இதைப் போடு. எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று உன் அத்தான் கேட்டார். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அடிக்குறிப்பை என் தம்பி எழுதிவிட்டான் என்று.

திருத்திய கோப்பு இதோடு வருகிறது. அதன் தலையில் ஆசிரியர் என்ற இடத்தில் உன் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். உன் சம்மதம் கேட்கவில்லை.

அக்கா